ஒரே மரத்தில் குடைந்த பழைய வீணையை மீண்டும் மேடைக்குக் கொண்டுவந்தது: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு குடும்பத்தில் நான்கு தலைமுறையாக இருந்துவரும் ஏகாந்த வீணை இது. ஒலிப்பெட்டியான குடம், மெட்டுகள் வரிசையாக நிற்கும் நீண்ட தண்டி, யாளிக் கழுத்து மூன்றும் ஒரே பலா மரத்துண்டில் குடைந்தவை. குடத்தின் வாயை மூடும் மேல்பலகையும் தண்டியின் மூடியும் மட்டும் தனிப் பலகைகள். இன்று கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் ஒட்டு வீணைகள்; குடத்தைத் தனியாகவும் தண்டியைத் தனியாகவும் கடைந்து இணைப்பார்கள். ஒரே துண்டில் செய்யப் பெரிய மரம் வேண்டும், குடையும்போது பாதிக்கு மேல் சீவலாகப் போய்விடும். செய்து முடித்த பிறகு தண்டி வளைந்தால் கழற்றிச் சரிசெய்யவும் வழியில்லை. தஞ்சாவூர் வீணை 2013இல் புவிசார் குறியீடு பெற்ற பிறகு விற்பனை கூடியது உண்மை. ஆனாலும் பழைய ஏகாந்த வீணை ஒன்று வாசிக்கும் நிலையில் கைக்குக் கிடைப்பது அபூர்வம்தான்.

குடும்பத்தின் இன்றைய தலைமுறையில் வீணை வாசிப்பவர் யாரும் இல்லை. உறவு வழியில் வந்த ஒரு கச்சேரிக் கலைஞர் இந்த வீணையில் மார்கழி சீசனில் ஒரு கச்சேரி வாசிக்க விரும்பினார். முப்பதுகளில் இருப்பவர், பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஒட்டு வீணையில் மூன்று கட்டை சுருதியில் (கட்டை என்பது ஆதார ஷட்ஜத்தின் உயரம்) வாசித்துப் பழகிய கை. குடும்பத்தார் இரண்டு நிபந்தனைகள் வைத்தார்கள். மரத்தில் எந்த இடத்தையும் சீவக்கூடாது. புதிதாகச் சேர்க்கும் எதையும் பின்னால் கழற்றிவிட முடியவேண்டும். பாசத்தால் வைத்த நிபந்தனைகள்தான். ஆனால் வேலை ஒழுங்காக நடந்ததற்கு இந்த இரண்டும்தான் காரணம் என்பது பிறகு தெரிந்தது.

முதலில் கண்டவை

பங்குனியில் பெட்டியைத் திறந்தபோது வீணையில் ஏழு கம்பிகளும் இருந்தன, எல்லாம் துருப்பிடித்தவை. முதல் கம்பியான சாரணி 28 கேஜ், அடுத்ததான பஞ்சமம் 26 கேஜ் (கேஜ் எண் குறையக் குறையக் கம்பி தடிக்கும்). சில பத்தாண்டுகளுக்கு முன் யாரோ சத்தம் கூடட்டும் என்று இன்றைய ஒட்டு வீணைக்குப் போடும் கம்பிகளைப் போட்டிருக்கிறார்கள்.

வாசித்துப் பார்த்ததில் மூன்று குறைகள் தெரிந்தன. மேல்ஸ்தாயியில், குடத்தை ஒட்டிய ஏழெட்டு மெட்டுகளில் (கம்பியை அழுத்தும் உலோகப் பட்டைகளில்) கம்பி அதிர்ந்து கரகரத்தது. கீழே மேருவை (கழுத்துப் பக்கம் கம்பிகள் தாங்கி நிற்கும் விளிம்பை) அடுத்த மெட்டுகளில் கம்பி விறைப்பாக நின்றதால் அழுத்தவே சிரமப்பட்டது. சாரணியை இழுத்து, ஸ்வரத்தை அசைக்கும் கமகம் பிடித்தால் பல இடங்களில் 'கட்' என்று ஒரு தடுக்கல் கேட்டது.

மூன்றும் வேறுவேறு நோய் போலத் தெரிந்தாலும் முதல் இரண்டுக்கும் வேர் ஒன்றே: தடித்த கம்பிகளின் இழுவை. நேரான இரும்பு அளவுகோலை மேல்பலகை மேல் குறுக்காக வைத்துப் பார்த்தபோது, கம்பிகளைத் தாங்கும் குதிரைக்கு அடியில் பலகை ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் உள்வாங்கியிருந்தது. தடித்த கம்பிகளின் இழுவை குதிரையைக் கீழ்நோக்கி அழுத்த, பலகை தாழ்ந்திருக்கிறது. பலகையோடு குதிரையும் இறங்கியதால் கம்பிகள் மேல்மெட்டுகளில் உரசத் தொடங்கியிருக்கின்றன. அதைச் சரிசெய்ய யாரோ மெட்டுகள் பதிந்திருக்கும் மெழுகைக் குடத்துப் பக்கத்தில் சீவி மெட்டுகளைத் தாழ்த்தியிருக்கிறார்கள். பலகை மேலும் இறங்க, மெழுகும் மேலும் சீவப்பட்டிருக்கிறது. கடைசி நான்கு மெட்டுகளுக்கு அடியில் மெழுகு தாள் கனத்துக்கு மட்டுமே மிஞ்சியிருந்தது. இதற்கு மேல் சீவ இடமே இல்லை.

தடுக்கலுக்குக் காரணம் மெட்டுகளின் தேய்மானம். பழைய வெண்கல மெட்டுகள். சாரணியும் பஞ்சமமும் அழுந்தும் இடங்களில் நகத்தால் தொட்டால் தெரியும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தது. கம்பியைப் பக்கவாட்டில் இழுக்கும்போது அது பள்ளத்தின் விளிம்பில் ஏறி இறங்கும் ஓசைதான் அந்த 'கட்'.

இவை தவிர, மேல்பலகையும் குடமும் சேரும் விளிம்பில் இடப்பக்கம் ஒரு மயிரிழை விரிசல். தண்டியின் அடியில் சில உளுத்த துளைகள். வீணையைக் கறுப்புத் தாள் மேல் ஒரு வாரம் வைத்திருந்ததில் மரத்தூள் எதுவும் விழவில்லை, ஆகவே பூச்சி இப்போது இல்லை. தண்டியின் இரு ஓரத்திலும் தந்தப் பட்டைகள் பதித்திருந்தன. ஒரு துண்டு ஏற்கெனவே உதிர்ந்து காணாமல் போயிருந்தது. மேருவிலிருந்து குதிரைவரை நூல் பிடித்துப் பார்த்ததில் தண்டி வளையவில்லை. நல்ல செய்தி என்று சொல்ல அன்றைக்கு இருந்தது இது ஒன்றுதான்.

எதைத் தொடுவது, எதை விடுவது

வீணையைப் பார்க்க வந்தவர்களில் ஒருவர், மேல்பலகையைக் கழற்றிப் புதிய பலகை போட்டால் எல்லாம் தீரும் என்றார். தீரும்தான். ஆனால் இந்த வீணையின் நாதத்தில் பெரும்பங்கு அந்தப் பலகையுடையது. அது போனால் மிஞ்சுவது பழைய மரத்தில் ஒரு புதிய வீணை. குடும்பத்தின் நிபந்தனையும் குறுக்கே நின்றதால் அந்த யோசனை அப்போதைக்குத் தள்ளிவைக்கப்பட்டது.

வேலையை ஏற்ற ஆசாரி முதலில் வேறொன்று சொன்னார்: "கம்பியத் தளர்த்திட்டு ஒரு மாசம் சும்மா விடுங்கம்மா. பலகை தானா எவ்வளவு எழும்புதுன்னு பாப்போம்." கம்பிகளை ஒரேயடியாக அவிழ்க்கவில்லை. குதிரை பலகை மேல் ஒட்டப்பட்டதல்ல, கம்பிகளின் அழுத்தத்தில் நிற்பது. எல்லாம் தளர்ந்தால் இடம் நகர்ந்துவிடும். குதிரையின் நான்கு மூலைகளும் பலகையில் எங்கே நிற்கின்றன என்று மெல்லிய பென்சில் கோட்டால் குறித்துக்கொண்டு, சுருதியை ஐந்து ஸ்வரம் இறக்கி வைத்தார்கள். ஒரு மாதம் கழித்து அளந்தபோது உள்வாங்கல் 2 மில்லிமீட்டரிலிருந்து ஏறத்தாழ ஒன்றரையாகக் குறைந்திருந்தது. மீதி நிரந்தரம்.

அந்த ஒன்றரை மில்லிமீட்டரை ஈடுகட்ட குதிரையின் கால்களுக்கு அடியில் பலா மரச் சீவல் ஒன்று வைக்கப்பட்டது. பசை கிடையாது, குதிரைக் காலின் வடிவத்துக்கே வெட்டியது. எப்போது வேண்டுமானாலும் எடுத்துவிடலாம். குதிரை மேலிருந்த வெண்கலத் தகட்டிலும் கம்பித் தடங்கள் விழுந்திருந்தன. அதைத் தேய்த்துச் சமப்படுத்தாமல் கழற்றி, துணியில் சுற்றி, பெட்டியில் பத்திரப்படுத்திவிட்டுப் புதுத் தகடு பொருத்தினார்கள். தகட்டின் வளைவில்தான் வீணையின் கார்வை (மீட்டிய பின் நீளும் நாதம்) இருக்கிறது. வளைவு அதிகமானால் ஒலி மொட்டையாகும், குறைந்தால் இரையும். கம்பி தகட்டை விட்டு விலகும் இடத்தில் ஒரு மெல்லிய தாளைச் செருகினால் அது மெதுவாக உள்ளே போய்ச் சட்டென்று நிற்காமல் படிப்படியாக இறுகவேண்டும். அதுதான் சோதனை.

உதிர்ந்த தந்தத் துண்டின் இடம் காலியாகவே விடப்பட்டது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இன்று தந்தம் வாங்கவோ விற்கவோ முடியாது. பிளாஸ்டிக் வைத்து அடைக்கலாம், ஆனால் அதற்கு மரத்தைச் சற்றுத் தோண்டவேண்டியிருக்கும்.

மேளம் கட்டுதல்

பழைய மேளத்தை, அதாவது மெழுகில் மெட்டுகளை நிறுத்திய அமைப்பை, கலைப்பதா வேண்டாமா என்பதில்தான் அதிக நேரம் போனது. மெழுகு நிரந்தரமானதல்ல, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மேளம் மறுபடி கட்டுவது எந்த வீணைக்கும் வழக்கம். ஆனால் பழைய மேளம் என்பது யாரோ ஒருவருடைய காது. அந்தரக் காந்தாரம், காகலி நிஷாதம் என்ற ஸ்வரங்கள் இன்றைய மின்சுருதிக்குப் பழகிய காதுக்குச் சற்றுத் தாழ்வாகத் தெரியும் இடங்களில் நின்றன. அது பிழையா, கட்டியவரின் தேர்வா என்று தீர்மானிக்க முடியவில்லை. ஆகவே கலைக்கும் முன் பதிவு செய்வது என்று முடிவாயிற்று.

பதிவு எளிமையானது. மேருவிலிருந்து குதிரைவரை தண்டியின் ஓரமாக ஒரு நீளமான காகிதப் பட்டையை ஒட்டுநாடா இல்லாமல் வைத்து, 24 மெட்டுகளின் உச்சியையும் கூரிய பென்சிலால் குறித்தார்கள். ஒவ்வொரு குறியின் பக்கத்திலும் அந்த மெட்டில் கம்பிக்கும் மெட்டுக்கும் இடையே எத்தனை தாள் நுழைகிறது என்ற எண்ணிக்கை. எல்லாத் தாளும் ஒரே கட்டிலிருந்து எடுத்தது.

பிறகு மெட்டுகள் ஒவ்வொன்றாக எடுக்கப்பட்டன. எந்த மெட்டு எந்த இடம் என்று குழம்பாமலிருக்க, எடுத்த வரிசையிலேயே நூலில் கட்டிவைத்தார்கள். பள்ளம் விழுந்த மெட்டுகளை அரத்தால் தேய்த்தால் பழைய வெண்கலம் குறையும். ஆசாரி அதற்குப் பதிலாக ஒவ்வொரு மெட்டையும் இடவலமாகத் திருப்பினார். அப்போது சாரணிக்கு அடியில் இருந்த பள்ளம் நான்காம் கம்பியான அனுமந்தரத்துக்கு அடியில் போகிறது. அந்தக் கம்பியை இழுத்து வாசிப்பது அரிது. அனுமந்தரத்துக்கு அடியில் தேயாமல் இருந்த முனை சாரணிக்கு வருகிறது. பஞ்சமமும் மந்தரமும் அதேபோல இடம் மாறின. உலோகம் துளிகூடக் குறையாமல் தடுக்கல் போனது. மெட்டின் இரு முனையும் ஒரே உயரமாக இருந்தால்தான் இந்த வழி பலிக்கும். மூன்று மெட்டுகள் ஒரு பக்கம் தடித்திருந்ததால் அவை பழையபடியே விடப்பட்டன.

மெழுகுக்குப் பழைய மெழுகையே உருக்கி, புதிய தேன்மெழுகும் குங்கிலியமும் கரித்தூளும் சேர்த்தார்கள். குங்கிலியம் கூடினால் மேளம் உறுதியாக நிற்கும், ஆனால் வெடிப்பு விடும். குறைந்தால் வெயிலில் இளகும். இந்த வேலையில் கவனிக்கவேண்டியது மெழுகை இளக்கும் சூடான இரும்புக் கம்பி தந்தப் பட்டைக்கு அருகில் போகாமல் பார்த்துக்கொள்வது, ஏனென்றால் தந்தம் சூட்டில் விரிசல் விடும். பட்டையின் மேல் ஈரத் துணி மடித்து வைத்து, மெழுகை நேரே சூடாக்காமல் கரண்டியில் உருக்கி ஊற்றினார்கள். நேரம் இரட்டிப்பானது.

மெட்டுகளை நிறுத்தும்போது மேல் ஷட்ஜம், பஞ்சமம், மத்திமம் மூன்றையும் காதுக்குச் சுத்தமாக வைத்தார்கள். மற்றவற்றுக்குக் காகிதப் பட்டையின் குறிகளே ஆதாரம். கலைஞர் கேட்டதற்கிணங்க இரண்டு காந்தார மெட்டுகள் மட்டும் ஸ்வரம் சற்று உயரும்படி நகர்த்தப்பட்டன. அந்த மாற்றமும் பட்டையில் சிவப்பில் குறிக்கப்பட்டது.

கம்பியும் சுருதியும்

மூன்று கட்டையில் 28 கேஜ் சாரணி இந்த வீணையின் நீளத்துக்கு ஏறத்தாழ 6.6 கிலோ இழுவை கொடுக்கும். சுருதியை அரைக் கட்டை இறக்கினால் இழுவை 11 சதவீதம் குறையும். கம்பியை 29 கேஜாக மாற்றினால் இன்னும் 16 சதவீதம். இரண்டும் சேர்ந்தால் சாரணியில் மட்டும் 5 கிலோ அளவுக்கு வரும். மற்றக் கம்பிகளிலும் அதே விகிதத்தில் இறங்கினால் பலகையின் சுமையில் கால்பங்கு குறைகிறது.

முதலில் 30 கேஜ் போட்டுப் பார்த்தார்கள். சுமை இன்னும் குறைந்தது, ஆனால் கம்பி குழைந்தது: மீட்டியவுடன் சுருதி சற்று மேலே தொடங்கி இறங்கியது, நாதமும் மெலிந்தது. 29 கேஜில், இரண்டரைக் கட்டையில் நிலைத்தது. கலைஞருக்கு இது எளிதாக மனசில் இறங்கவில்லை. பக்கவாத்தியக்காரர்களின் மிருதங்கமும் கடமும் மூன்று கட்டைக்கு உரியவை. இரண்டரைக்கு வேறு வாத்தியம் கேட்கவேண்டும். கேட்டார்கள், கிடைத்தது.

கை பழகுதல்

இழுவை குறைந்ததும் வந்த முதல் சிக்கல் கமகம். பழகிய விசையோடு காந்தாரத்திலிருந்து மத்திமத்துக்கு இழுத்தால் கம்பி மத்திமத்தைத் தாண்டி நின்றது. பழைய கம்பியைவிடக் கால்பங்கு இலகுவான கம்பியை விரல் பழைய கணக்கிலேயே இழுக்கிறது என்பதால்தான். இதற்கு ராகம் வாசித்துப் பழகுவது உதவவில்லை. வேகத்தில் பிழை ஒளிந்துகொள்ளும். ஒரே மெட்டில் இழுத்து, நிறுத்தி, அடுத்த மெட்டில் அதே ஸ்வரத்தை மீட்டி ஒப்பிடுவது என்று ஒவ்வொரு மெட்டாகப் பழகினார். சில வாரங்களில் வசப்பட்டது. சிக்கல் என்னவென்றால் அதன் பிறகு சொந்த ஒட்டு வீணையில் கமகம் குறைவாக நின்றது. மார்கழி முடியும்வரை இரண்டையும் மாற்றிமாற்றி வாசிப்பதை நிறுத்திவிட்டு ஒன்றிலேயே இருந்தார்.

இரண்டாவது, மீட்டு. வலக்கை விரல்களில் கம்பியால் ஆன மீட்டு வளையம் போட்டு அழுத்தி மீட்டினால் இந்த வீணை நாதம் கூடாமல் இரைச்சல்தான் கூடியது. நகத்தால் மீட்டியபோது ஒலி தொடங்கும் இடம் மென்மையாகி, பின்னால் நீளும் கார்வை தெளிவாகக் கேட்டது. வீணை தனம்மாள் காலத்தில் நகத்தால் மீட்டுவது போற்றப்பட்ட வழிதான். ஆனால் இன்றைய அரங்குக்கு அது சத்தம் குறைவு. இந்த இழுபறி கடைசிவரை தீரவில்லை.

உருப்படிகளும் இதற்கேற்ப மாறின. மேல்ஸ்தாயியில் நீண்ட இழுப்பு கேட்கும் தோடி ராகம் விலக்கப்பட்டது. கனராகங்களில் தானம் (தாளமின்றி லயத்தோடு விரியும் பகுதி) எடுத்துக்கொள்ளப்பட்டது. நாட்டையும் கௌளையும் ஸ்ரீயும் மத்திய, மந்தர ஸ்தாயிகளில் இந்த வீணைக்கு நன்றாகப் பொருந்தின.

ஒத்திகைக் காலத்தில் ஒரு விபத்து

புரட்டாசியில் ஒரு பிற்பகல் வீணை பெட்டியோடு வெயிலில் நின்ற காரில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்துவிட்டது. தேன்மெழுகு உருக 60 டிகிரிக்கு மேல் வேண்டும், ஆனால் இளக அவ்வளவு வேண்டாம். மூடிய கார் வெயிலில் 50 டிகிரியை எளிதில் தாண்டும். பெட்டியைத் திறந்தபோது மேல்ஸ்தாயியின் ஏழு மெட்டுகள் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தன.

கலைஞர் உடனே விரலால் அழுத்தி நிமிர்த்தப் பார்க்கவில்லை, அது நல்லதாயிற்று. இளகிய மெழுகில் அழுத்தினால் மெட்டு இன்னும் இறங்கும், பக்கத்து மெட்டும் நகரும். வீணையைப் படுக்கவைத்து, இரவு முழுவதும் ஆறவிட்டு, மறுநாள் ஆசாரி அந்த ஏழை மட்டும் எடுத்து மறுபடி நிறுத்தினார். காகிதப் பட்டை இருந்ததால் அரைநாளில் முடிந்தது.

கச்சேரி நாள்

அரங்கம் ஏசி அரங்கம். வெளியே ஈரக் காற்று, உள்ளே குளிர்ந்த வறண்ட காற்று. இரண்டு மணி நேரம் முன்பே வந்து, பெட்டியைத் திறக்காமல் முக்கால் மணி நேரம் மேடைக்குப் பின்னால் வைத்தார்கள். திறந்தபோது பிரடைகள் (கம்பியை முறுக்கும் மர முளைகள்) எதிர்பார்த்தபடி தளர்ந்திருந்தன. மரம் சுருங்கியதால் பிடி போயிற்று. பிரடை துளையைத் தொடாமல் பிரடை மேல் மட்டும் சாக்பீஸ் தூள் தடவி அழுத்திச் சுற்றினார்கள். நுண்சுருதியை லங்கர் வளையங்களில் சேர்த்தார்கள்.

ஒலியமைப்பாளரோடு சிறு வாக்குவாதம். "மேடம், காண்டாக்ட் மைக் ஒட்டலன்னா பின்வரிசைக்குக் கேக்காது," என்றார். ஒட்டும் பசை பழைய அரக்குப் பூச்சை உரிக்கும் என்பதால் ஒப்புக்கொள்ளவில்லை. குதிரைக்கும் நாதத் துளைகளுக்கும் இடையே நோக்கி, 25 முதல் 30 சென்டிமீட்டர் தள்ளி ஒரு கண்டென்சர் மைக் வைக்கப்பட்டது. மிருதங்கம் அதில் கசியும் என்பதால் மிருதங்கக்காரரை ஓர் அடி பின்னால் உட்காரவைத்தார்கள். மானிட்டரில் வீணை ஒலியை ஏற்றவில்லை. குடம் அந்த ஒலியை மறுபடி வாங்கி ஊளையிடும்.

கச்சேரி ஒன்றேகால் மணி நேரம். தானத்தின் நடுவே பஞ்சமத்தின் பிரடை ஒருமுறை நழுவியது, நிறுத்திச் சேர்த்துவிட்டுத் தொடர்ந்தார். முன்வரிசையில் இருந்தவர்கள் கார்வையைப் பற்றிப் பேசினார்கள். பின்வரிசையில் வீணை கேட்கவில்லை என்று இருவர் எழுந்து போனார்கள். இரண்டும் நடந்தவைதான்.

பின் நிலவரம்

மறுநாள் அளந்ததில் பலகையின் உள்வாங்கல் ஒன்றரை மில்லிமீட்டரைத் தாண்டவில்லை; கம்பி, சுருதி மாற்றம் வேலை செய்திருக்கிறது. ஆனால் இடப்பக்க விளிம்பு விரிசலின் முனையில் முன்பு வைத்த பென்சில் குறியைத் தாண்டி விரிசல் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் நகர்ந்திருந்தது. இழுவை குறைந்திருக்கும்போது இது நடந்ததால், ஏசியின் வறட்சியே காரணமாக இருக்கவேண்டும் என்று ஆசாரி கருதினார். அதே சீசனில் ஒப்புக்கொண்டிருந்த இரண்டாவது ஏசி அரங்கக் கச்சேரிக்குக் கலைஞர் தம் ஒட்டு வீணையை எடுத்துச் சென்றார். வெளிநாட்டு அழைப்பு ஒன்றும் தந்தம் காரணமாகவே மறுக்கப்பட்டது.

வீணை இப்போது சுருதியை ஒரு ஸ்வரம் இறக்கிய நிலையில் வைக்கப்பட்டிருக்கிறது. முழுக்க அவிழ்க்கவில்லை.

அடுத்த முறை மாற்றவேண்டியவை

சுருதி முடிவை மேளம் கட்டும் முன்பே எடுத்திருக்கவேண்டும். மேளத்தை மூன்று கட்டையில் கட்டிவிட்டு இரண்டரைக்கு இறக்கியதால், கம்பி தளர்ந்து மூன்று மெட்டுகளை மறுபடி தொட நேர்ந்தது.

பெட்டிக்குள் ஈரப்பதமானி ஒன்று முதல் நாளிலிருந்தே இருந்திருக்கவேண்டும். அரங்கத்துக்குப் போகும் முன் ஒரு வாரமாவது ஏசி அறையில் நாளுக்குச் சிறிது நேரம் கூட்டி வைத்துப் பழக்கியிருந்தால் விரிசல் நகர்ந்திருக்காது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் நகர்கிறதா என்பது மேடைக்கு முன்பே தெரிந்திருக்கும்.

இடம் தேர்வதிலும் மாற்றம் வேண்டும். இந்த வீணைக்கு நூறு பேருக்கு உட்பட்ட, ஏசி இல்லாத கூடம்தான் பொருத்தம். மைக் இல்லாமலே போதும்.

மேல்பலகையை மாற்றுவதா என்ற கேள்வி இன்னும் முடியவில்லை. குடும்பத்தில் ஒருவர் மாற்றலாம் என்கிறார், ஆசாரி வேண்டாம் என்கிறார். விரிசலின் முனையில் புதிய பென்சில் குறி வைத்திருக்கிறார்கள். ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் கழிந்து அளந்த பிறகு பேசுவதாக முடிவு.